ஒரு பதிவு, பல அறிக்கை

சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து அடையாறு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறியவர்கள், சாந்தோம் தேவாலயத்தைக் கடந்த சிறிது நேரத்தில் பட்டினப்பாக்கத்தை அடைவார்கள். கிழக்கே கடல்; கடலை ஒட்டி மீனவர் குடியிருப்புகளும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும்; தெற்கே அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகம். இந்தச் சாந்தோம் நெடுஞ்சாலையில், 100 என்ற இலக்கமிட்ட இடத்தில், தமிழ்நாட்டின் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகம் இருக்கிறது. நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் இவ்விடத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். காண வேண்டிய அவசியமும் இல்லை. எனினும், நிலம் வாங்கியோ விற்றோ, ஈடு வைத்தோ, மகளுக்குத் தானம் எழுதியோ சார்பதிவாளர் அலுவலக வாயிலில் ஒரு நாளாவது காத்திருந்த எவருக்கும் இந்த இடத்தோடு தொடர்பு உண்டு. மாநிலத்திலுள்ள ஏறத்தாழ 580 சார்பதிவாளர் அலுவலகங்களிலும் எந்தப் புத்தகத்தில் எதை எவ்வாறு எழுத வேண்டும் என்னும் ஒழுங்கு இங்கிருந்துதான் செல்கிறது.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் நிலப் பதிவு அன்று. நமது சங்கங்களின் கணக்கும் அறிக்கையுமே. சங்கத்துக்குக் கணினி வந்துவிட்டது. மாதந்தோறும் மத்திய வங்கிக்கு ஒன்று, கூட்டுறவுத் துறைக்கு ஒன்று, கைத்தறித் துறைக்கு ஒன்று, தணிக்கையாளருக்கு ஒன்று என்று அறிக்கைகள் சென்றுகொண்டே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் குமாஸ்தா புதிதாகவே தயாரிக்கிறார். பழைய எக்செல் தாளைத் திறந்து, பெயரை மாற்றி, இரண்டு பத்திகளை அழித்து, மூன்று பத்திகளைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார். அடுத்த மாதம் வேறொருவர் வேறொன்று கேட்கும்போது மறுபடியும் முதலிலிருந்தே தொடங்குகிறார். இந்த வீண் உழைப்பு ஒருபுறமிருக்க, இதனால் அங்கத்தினருக்கு நேரும் நஷ்டத்தைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அதைச் சொல்வதற்கு முன், இதே சிக்கலை நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதத்திலேயே தீர்த்து வைத்திருக்கும் ஒரு முறையைப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும். பட்டினப்பாக்கம் வரை அங்கத்தினர்களை அழைத்து வந்ததற்குக் காரணம் அதுவே.

நான்கு புத்தகங்களும் நான்கு அட்டவணைகளும்

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 1909 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 51-ஆம் பிரிவு, ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் நான்கு புத்தகங்கள் இருக்க வேண்டும் என்கிறது. அசையாச் சொத்து பற்றிய தஸ்தாவேஜுகள் முதல் புத்தகத்தில் ஏறும். பதிவு செய்ய மறுத்ததற்கான காரணங்கள் இரண்டாவதில் எழுதப்படும். உயில்கள் மூன்றாவதில், மற்றவை நான்காவதில். மாவட்டப் பதிவாளரிடம் மட்டும், ஒப்படைக்கப்பட்ட உயில்களுக்கென்று ஐந்தாவது புத்தகம் ஒன்று உண்டு.

புத்தகம் என்பது வந்த வரிசையில் எழுதிச் செல்வது. அதில் ஒருவருடைய நிலத்தைத் தேடுவதானால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். ஆகவே 55-ஆம் பிரிவு நான்கு அட்டவணைகளை ஏற்படுத்தியது. முதல் அட்டவணை, முதல் புத்தகத்திலுள்ள தஸ்தாவேஜுகளை எழுதிக் கொடுத்தவர்கள், பெற்றவர்கள் ஆகியோரின் பெயர்களைக் கொண்டது. இரண்டாவது அட்டவணை அதே தஸ்தாவேஜுகளைச் சொத்தின் வழியே, அதாவது கிராமம், சர்வே எண், எல்லை முதலிய விவரங்களின் வழியே தொகுப்பது. மூன்றாவதும் நான்காவதும் அவ்வவ்வெண்ணுள்ள புத்தகங்களுக்கான பெயர் அட்டவணைகள்.

இதன் நுட்பத்தை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தஸ்தாவேஜு எழுதப்படுவது ஒரு முறைதான். ஆனால் அதனை அடைய வழிகள் பல. பெயரைச் சொல்லித் தேடலாம். சர்வே எண்ணைச் சொல்லித் தேடலாம். வில்லங்கச் சான்று என்று நாம் வாங்கிவரும் காகிதம் எங்கும் தயாராக எழுதி வைக்கப்பட்டிருப்பதன்று. கேட்ட நிலத்துக்கு, கேட்ட ஆண்டுகளுக்கு, அட்டவணைகளிலிருந்து அப்போதைக்கப்போது திரட்டப்படுவது. நடவடிக்கைகள் இருந்தால் 15-ஆம் நமூனாவிலும், ஒன்றும் இல்லையென்றால் 16-ஆம் நமூனாவிலும் அது வெளிவருகிறது. தேடுதல் ஒன்றுதான், வெளிவரும் தாள் இரண்டு. நாளைக்கு மூன்றாவது நமூனா ஒன்று தேவைப்பட்டாலும் புத்தகத்தைத் திருத்த வேண்டியதில்லை.

யார் எதைப் பார்க்கலாம் என்பதும் அறிக்கை கேட்கும்போது தீர்மானிக்கப்படுவதில்லை, புத்தகத்திலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு புத்தகங்களையும், முதல் புத்தகத்துக்குரிய அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். உயில் அப்படியன்று. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். உயிலால் பயன்பெறுவோர் பெயரை, எழுதியவர் இறந்த பிறகே அட்டவணையில் ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஏற்றலாகாது என்று சட்டம் சொல்லியிருக்கிறது. குடும்பங்களின் சமாதானத்தை நன்கு அறிந்த ஒருவர்தான் இந்த வரியை எழுதியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கணினி வந்தபோது

2000-ஆம் ஆண்டில் ‘ஸ்டார்’ என்ற திட்டத்தின் மூலம் இந்தத் துறை கணினிக்கு மாறத் தொடங்கியது. 2018-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இன்று வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்வையிட முடிகிறது. இந்த மாற்றம் இயன்றதற்குக் கணினியின் வேகம் மட்டும் காரணமன்று. அட்டவணைகள் ஒரே அமைப்பில், ஒரே பொருளில், எல்லா அலுவலகங்களிலும் பல தலைமுறைகளாக எழுதப்பட்டு வந்திருந்தன. கணினியில் ஏற்றுவதற்கு உரிய வடிவம் முன்பே இருந்தது. ஒவ்வொரு சார்பதிவாளரும் தம் விருப்பப்படி நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால், எந்தக் கணினியும் அதனை ஒன்றாக்கியிருக்க முடியாது.

வேறொரு உதாரணமும் இத்துறையிலேயே கிடைக்கிறது. வழிகாட்டி மதிப்பு என்பது தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் தனியே ஒரு பதிவேட்டில் இருக்கிறது. 2017 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு இந்த மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதே சமயம், கிரயப் பத்திரங்களுக்கான பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. 2023-ல் அக்கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் மாறியது விகிதப் பட்டியலும் அது அமலுக்கு வரும் தேதியுமே. முன்பு பதிவான தஸ்தாவேஜுகள் தத்தம் நாளின் விகிதத்தோடு அப்படியே நிற்கின்றன. விகிதத்தை ஒவ்வொரு தஸ்தாவேஜின் கணக்கிலும் கலந்து எழுதியிருந்தால், ஒரு மாறுதலுக்குப் பல லட்சம் திருத்தங்கள் வேண்டியிருக்கும். எந்த நாளில் எந்த விகிதம் இருந்தது என்பதும் மறந்து போயிருக்கும்.

கணினித் துறையார் இதற்கெல்லாம் தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எந்த விவரம் எந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஒரு பதிவேடு மற்றொன்றோடு எந்த எண்ணால் இணைய வேண்டும் என்னும் ஏற்பாட்டைத் தரவு மாதிரி என்கிறார்கள். அதிலிருந்து நிர்வாகத்துக்கு வேண்டிய அறிக்கைகளை எடுக்கும் கலைக்கு வணிக நுண்ணறிவு என்று பெயர். ஒவ்வொரு விவரமும் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதன் எண்ணைச் சொன்னால் போதும் என்ற கொள்கையை, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பவர் 1970-ல் கணித முறையில் விளக்கினார். அறிக்கைகளுக்கென்று விவரங்களைத் தொகுக்கும்போது, வாடிக்கையாளர், சரக்கு, நாள் என்னும் பொதுப் பட்டியல்களை எல்லா இலாகாக்களும் ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும் என்று ரால்ப் கிம்பால் 1996-ல் வெளிவந்த தமது நூலில் வற்புறுத்தினார். இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தைப் பார்த்து இதனைக் கற்றவர்கள் அல்லர்; ஆனால் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

நெசவாளர்களுக்கு இது அந்நியமான கருத்தே அன்று. ஜக்கார்டு பெட்டியில் கரை வேலைக்கென்று அடித்த அட்டைக் கட்டு ஒன்று இருக்கிறது. உடல் நிறத்தை மாற்றுகிறோம், பாவை மாற்றுகிறோம், நூல் நம்பரைக்கூட மாற்றுகிறோம். அட்டைக் கட்டு அதுவே. சேலைதோறும் புது அட்டை அடிக்கும் நெசவாளர் எவரும் இல்லை. வேலை முடிந்ததும் கட்டைப் பத்திரமாகக் கட்டி, மேலே அடையாளம் எழுதி, எடுத்து வைக்கிறோம். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் நிறைவேற்றிய இந்தத் துளையிட்ட அட்டை, பிறகு தறியைவிட்டு வெளியேயும் சென்றது. அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணினார். ஒரு மனிதனுக்கு ஓர் அட்டை. அதை எத்தனை விதமாக வேண்டுமானாலும் பிரித்து எண்ணலாம். ஆகவே, கணக்கை மறுபடியும் பயன்படுமாறு துண்டு துண்டாக அமைப்பது என்பது தறியிலிருந்து கணினிக்குச் சென்ற சரக்கு என்று நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

நம் வீட்டு விஷயம்

இனி நஷ்டத்தைப் பற்றிச் சொல்வோம். நாம் நெருங்கி அறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், ஒரே ஆண்டில் மூன்று இடங்களுக்கு அனுப்பிய மூன்று அறிக்கைகளில் அங்கத்தினர் எண்ணிக்கை மூன்று விதமாக இருந்தது. பங்குப் புத்தகத்தை வைத்து எழுதிய அறிக்கையில் இறந்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய பங்குத் தொகை வாரிசுகளுக்குத் திருப்பப்படவில்லை. கூலிப் பட்டியலை வைத்து எழுதியதில் அந்த மாதம் நெய்தவர்கள் மட்டும் இருந்தார்கள்; பிரசவத்துக்காக ஓய்வில் இருந்த பெண்கள் விடுபட்டார்கள். தறிப் பட்டியலை வைத்து எழுதியதில், ஒரே வீட்டில் இரண்டு தறி வைத்திருந்தவர் இருவராக எண்ணப்பட்டிருந்தார். குமாஸ்தா பொய் எழுதவில்லை. அங்கத்தினர் என்ற ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தது, அவ்வளவே. ஆனால் மேலதிகாரிகள் மூன்று தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சங்கத்தின் மீதே சந்தேகம் எழுந்தது. விசாரணை முடியும் வரை நடைமுறை மூலதனம் வரவில்லை. நூல் வாங்கப் பணமின்றித் தறிகள் பல வாரங்கள் நின்றன. அந்தப் பிழைக்காக அரிசிக் கடையில் கடன் சொன்னவர்கள் நெசவாளர்கள்.

வேளாண் சங்கங்களின் அனுபவம் இதைவிடப் பெரிது. 2021 செப்டம்பரில், கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு, அதாவது 40 கிராமுக்கு உட்பட்டு அடகு வைக்கப்பட்ட நகைக் கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2021 மார்ச் 31 அன்று நிலுவையிலிருந்த கடன்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. கேட்பதற்கு எளிய கணக்கு. ஆனால் ஒரு குடும்பம் எல்லாச் சங்கங்களிலும் சேர்த்து வைத்த நகை எவ்வளவு என்பதே கேள்வியாயிற்று. அதற்குச் சங்கங்களின் பேரேடுகளில் விடை இல்லை. பேரேடு கடன் எண்ணை அறியும். கடன் வாங்கியவரின் பெயரை அறியும். அவருடைய மனைவி பக்கத்து ஊர்ச் சங்கத்தில் வைத்த வளையலை அது அறியாது. ஆகவே கடன் ஒவ்வொன்றுக்கும் ஆதார் எண், குடும்ப அட்டை எண் உள்ளிட்ட 51 வகை விவரங்கள் திரட்டப்பட்டன. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள் கணினியில் பகுத்துப் பார்க்கப்பட்டு, 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்று அந்த ஆண்டு டிசம்பரில் பட்டியல் வெளியாயிற்று. ஒரே குடும்பம் 40 கிராமுக்கு மேல் வைத்திருந்தது, பயிர்க்கடன் தள்ளுபடியை முன்பே பெற்றிருந்தது, அரசு ஊழியர் குடும்பமாக இருந்தது என்று காரணங்கள் பல. ஆதார் அல்லது குடும்ப அட்டை விவரம் தராததும் அவற்றுள் ஒன்று.

தள்ளுபடி சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. குடும்பம் என்ற கூறு, கடன் கணக்கோடு இணைந்த பதிவேடாக முன்பே இருந்திருந்தால், அந்தக் கேள்விக்கு விடை திரட்ட அவ்வளவு உழைப்பு வேண்டியிருந்திராது. சங்கச் சிப்பந்திகள் இரவு பகலாக விவரம் ஏற்றியதும், நகலெடுத்த அட்டைகளோடு அங்கத்தினர்கள் வரிசையில் நின்றதும், ஒரு முறைக்கு மட்டும் பயன்பட்ட உழைப்பு. இன்னொரு திட்டம் நாளை வந்தால் குடும்பம் என்பது மறுபடியும் கேட்கப்படும்.

2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு, நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கியின் பொறுப்பில், எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரு மென்பொருள், பொதுவான கணக்கு முறை, அதிலிருந்து நிர்வாக அறிக்கைகள் என்பது அதன் திட்டம். அதற்கு முன் மாநிலத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று வெவ்வேறு மென்பொருள்கள் இருந்து வந்தன. சாந்தோம் நெடுஞ்சாலையில் இருந்துகொண்டு எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே அட்டவணை வகுக்கும் முறைக்கு இது ஒப்பானது. நெசவாளர் சங்கங்கள் இத்திட்டத்தில் அடங்கவில்லை. அவை கைத்தறித் துறை இயக்குநரின் கீழ் வருபவை. உழவும் நெசவும் சேர்ந்த குடும்பத்தில் ஒருவரே இரண்டு சங்கங்களில் இரண்டு எண்களோடு இருப்பது நமக்குப் புதிதன்று.

எவை அந்தக் கூறுகள்?

மேலிருந்து மென்பொருள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்க அளவிலேயே சில பதிவேடுகளைச் செம்மையாக அமைத்துவிட்டால், வேண்டிய அறிக்கைகளில் பெரும்பகுதியை அவற்றிலிருந்தே எடுக்கலாம். முதலாவது அங்கத்தினர் பதிவேடு. ஒருவருக்கு ஒரே எண். அந்த எண் ஒருபோதும் இன்னொருவருக்குச் செல்லலாகாது. அங்கத்தினர், இணை அங்கத்தினர், நெய்துகொண்டிருப்பவர், விலகியவர், இறந்தவர் என்னும் நிலையும், அந்த நிலை தொடங்கிய தேதியும் அதில் இருக்க வேண்டும். அப்படியானால் எத்தனை பேர் என்று எவர் கேட்டாலும், எந்த நிலையில் எந்தத் தேதியில் என்று திருப்பிக் கேட்டுவிட்டு விடை சொல்லலாம். தறி தனிப் பதிவேடு. நிலம் தனிப் பதிவேடு. நிலத்துக்குக் கிராமமும் சர்வே எண்ணும் உட்பிரிவுமே அடையாளம். சிட்டா 10-ஆம் எண் கிராமக் கணக்கு, அடங்கல் 2-ஆம் எண் கிராமக் கணக்கு. முன்னது பட்டாதாரர் வழியே நிலத்தைச் சொல்கிறது. பின்னது நிலத்தின் வழியே பயிரைச் சொல்கிறது. இரண்டையும் சேர்க்கும் ஆணி சர்வே எண். நம் சங்கத்துக் கடன் பதிவேட்டிலும் அதே ஆணியை அடித்துவிட்டால், எந்தப் பயிருக்கு எவ்வளவு கடன் என்பது ஒரு நிமிட வேலை.

சரக்கும் அளவும் அடுத்தது. இது சிறு விஷயம் போலத் தோன்றும்; ஆனால் நூல் இருப்பில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இதனால் வருபவை. 40-ஆம் நம்பர் பருத்தி நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்தது ஒரு ராத்தல் எடை என்பதை நெசவாளர் அறிவார். 10 ராத்தல் கட்டு ஒன்று ஏறத்தாழ 4.54 கிலோகிராம். ஒருவர் கட்டில் எழுதுகிறார், ஒருவர் கிலோவில் எழுதுகிறார், மூன்றாமவர் கட்டை 5 கிலோ என்று வைத்துக் கணக்கிடுகிறார். நூறு கட்டுக்கு 46 கிலோ நூல் காகிதத்தில் மட்டும் பிறந்துவிடுகிறது. ஆண்டு முடிவில் அது குறைவாகி, யார் தலையிலாவது விழுகிறது. சரக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் அதன் அளவையும், மாற்று விகிதத்தையும் ஒரு முறை எழுதிவிட்டால் இந்த வழக்கு எழாது.

கூலி விகிதமும் வட்டி விகிதமும் வழிகாட்டி மதிப்பைப் போலத் தனிப் பட்டியலில், அமல் தேதியோடு நிற்க வேண்டும். நாட்காட்டியும் ஒரு பதிவேடுதான் என்றால் சிலர் நகைக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434-ஆம் பசலி. சங்கத்தின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பயிர்க் கடனுக்குக் குறுவை, சம்பா, நவரை என்று பருவம். கைத்தறிக்குத் தீபாவளி, பொங்கல் விற்பனை. தீபாவளியோ ஐப்பசியில் ஆண்டுதோறும் நகர்வது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பசலி, கணக்காண்டு, பருவம், பண்டிகை என்று ஒரே ஒரு பட்டியலில் குறித்து வைத்தால், எல்லா அறிக்கைகளுக்கும் அது பயன்படும். இல்லையெனில் ‘சென்ற ஆண்டு’ என்ற சொல்லுக்கு அறிக்கைக்கு ஒரு பொருள் உண்டாகும்.

கடைசியாக, கணக்கிடும் விதிகளும் கூறுகளே. தவணை தவறிய பாக்கி எத்தனை சதவீதம் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். சங்கம் கொடுத்து நிலுவையிலுள்ள கடன் 100 லட்சம். இந்த ஆண்டு வசூலாக வேண்டிய கேட்புத் தொகை 40 லட்சம். அதில் வராமல் நின்றது 10 லட்சம். கேட்புக்கு எதிரே பார்த்தால் பாக்கி 25 சதவீதம். மொத்த நிலுவைக்கு எதிரே பார்த்தால் 10 சதவீதம். இரண்டும் சரியான கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி உபயோகம் உண்டு. ஆனால் ஓர் அறிக்கையில் முன்னதையும் மற்றொன்றில் பின்னதையும் ஒரே பெயரில் எழுதும் சங்கம், நல்ல நிலையில் இருந்தும் கெட்ட பெயர் வாங்கும். அல்லது கெட்டுக்கொண்டிருப்பது தெரியாமலே நல்ல பெயரோடு மூழ்கும். இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்து, விதியை ஒரே இடத்தில் எழுதி, எல்லா அறிக்கைகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு செய்வதே முறை.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை

இந்த முறைக்கும் ஆபத்து உண்டு. அதை மறைத்துப் பேசுவது அங்கத்தினர்களுக்குச் செய்யும் நன்மையாகாது. தனித்தனியே எழுதிய அறிக்கையில் ஒரு பிழை இருந்தால் அந்தத் தாள் மட்டும் கெடும். எல்லோரும் பயன்படுத்தும் பதிவேட்டில் பிழை புகுந்தால், அத்தனை அறிக்கைகளும் ஒரே நாளில் கெடும். அவை ஒன்றோடொன்று ஒத்திருப்பதால் எவருக்கும் சந்தேகமும் வராது. மேலே சொன்ன நிலப் பதிவிலேயே இதைக் காணலாம். மயிலாப்பூர்ப் பகுதியின் பழைய பத்திரங்களில் முன்னைய சர்வே எண்ணும் மறு சர்வே எண்ணும் அருகருகே காணப்படும். ஒன்றைக் கொண்டு தேடியவருக்கு மற்றொன்றின் கீழ் ஏறிய அடமானம் தெரியாமல் போகக்கூடும். பெயர்களின் கதை இன்னும் வேடிக்கை. கந்தசாமி, மு. கந்தசாமி, முருகேசன் மகன் கந்தசாமி ஆகிய மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், அட்டவணைக்குத் தெரியாது.

ஆகவே பொதுப் பதிவேட்டைத் திருத்தும் உரிமை எல்லோருக்கும் இருக்கலாகாது. ஒருவர் திருத்த வேண்டும். மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். எப்போது, யார், எதைத் திருத்தினார் என்பது அழியாமல் நிற்க வேண்டும். உயிலுக்கு உள்ள காப்பு நம் அங்கத்தினரின் சேமிப்புக்கும் கடனுக்கும் வேண்டும். மொத்த அறிக்கை தயாரிக்கும் ஒருவருக்கு மொத்தங்கள் போதும். இன்னார் எவ்வளவு நகை வைத்தார் என்பது அவர் கண்ணில் படவே தேவையில்லை. கூறுகளைப் பிரிக்கும் ஆசையும் அளவோடு நிற்கட்டும். முந்நூறு நெசவாளர்கள் உள்ள சங்கத்துக்கு முப்பது பதிவேடுகள் வேண்டியதில்லை. அவற்றை நிரப்புவதற்கே ஒரு குமாஸ்தா தேவைப்படுவார். ஒரே அறிக்கைக்கு மட்டும், ஒரே முறை மட்டும் தேவைப்படும் விவரத்தை அந்த அறிக்கையோடு விட்டுவிடுவதில் தவறில்லை. இரண்டாம் முறை எவரேனும் கேட்டால் அதைப் பதிவேட்டுக்கு மாற்றலாம்.

இது கமிட்டியும் காரியதரிசியும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று அங்கத்தினர்கள் ஒதுங்கிவிட முடியாது. பதிவேட்டில் உள்ள உம்முடைய வரி சரியாக இருக்கிறதா என்பது உமக்கு மட்டுமே தெரியும். அடுத்த முறை கூலி வாங்கவோ பயிர்க் கடன் கேட்கவோ சங்கத்துக்குச் செல்லும்போது, அங்கத்தினர் பதிவேட்டில் உமது பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாரும். பெயர் குடும்ப அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா, வாரிசு நியமனம் எழுதப்பட்டிருக்கிறதா, தறி எண்ணும் சர்வே எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, மாறுதல் இருப்பின் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளவும். தகப்பனார் பெயரிலேயே இன்னும் பங்கு நிற்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் உடன் கொண்டு செல்வது நலம்.